எட்டு வேற்றுமை

கீழக்கரையில், நகைக்கடைக்கு மேலே
வாடகை மாடி.
உப்புக் காற்றுக்கு யூபிஎஸ் பெட்டியின் முனைகள்
வருடம் ஒருமுறை பச்சையாகப் பூக்கும்,
உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பேன்.
இங்கிருந்துதான்
யாருக்குப் பதவி உயர்வு, யாருக்கு இல்லை என்று
திரைக்குள் கை தூக்குகிறேன்.

நிறுவனத்தில் நிலைகள் எட்டு.
அந்த அட்டவணையைத் திறந்தால்
ஏழாம் வகுப்பு இலக்கணம்தான் நினைவுக்கு வரும்.
முதல் நிலை எழுவாய்.
உருபு கிடையாது. வெறும் பெயர்,
கழுத்தில் ஒரு அட்டை.
இரண்டாவது: கொடுத்த வேலையை.
மூன்றாவது: தன்னால்.
நான்காவது: குழுவுக்கு.
ஐந்து, நீங்கல் பொருள்.
நிரலின் நீங்கிக் கூட்டங்களில் குடியேறுவது.
நான்கு வருடமாக நான் அங்கே.
ஆறாவது நிலையில் எல்லாம் அவரது:
அவரது திட்டம், அவரது குழு,
நாம் சொன்ன யோசனையும்.
ஏழு இடப்பொருள்.
எங்கேயோ இருப்பார்கள், விமானத்தின்கண்.
எட்டாவது விளி.
பார்த்ததில்லை. மற்றவர்கள்
அந்தப் பெயரைச் சொல்லும்போது
குரல் மாறுவதைக் கேட்டிருக்கிறேன்.

"உம்மா, நீ எத்தனாவது?"
"அஞ்சாவது."
"எத்தன பேர்ல?"
ஷஹீமா பள்ளி ரேங்க் என்று நினைத்துவிட்டாள்.
நானும் திருத்தவில்லை.

அன்று தடைக்காலத்தின் நாற்பதாவது நாள்.
மண்டபத்தில் விசைப்படகுகள் வரிசையாக
பெயின்ட் காய நின்றன.
அவர்களுக்கு அறுபத்தொரு நாள் என்று கணக்கு உண்டு.
எங்களுக்கு
"இந்த வருடம் இடங்கள் குறைவு" என்று
ஒரு மின்னஞ்சல் மட்டும்.
ஒன்பது கோப்பு, மூன்று இடம்.

ஆறாவது கோப்பு குர்லீன், மொஹாலி.
மூன்றிலிருந்து நான்குக்கு.
பணம் திருப்பியனுப்பும் பகுதியில்
பதினோராயிரம் வரிகளை அழித்திருக்கிறாள்.
அதன்பின் ஏழு மாதம்
நள்ளிரவில் ஒருவர் தூக்கமும் கலையவில்லை.
"சரி, தாக்கம்?" என்றார் தலைவர்.
"எண் எங்கே?"
எழுப்பாத தூக்கத்துக்கு எண் ஏது என்று
கேட்டிருக்க வேண்டும்.
அப்போதுதான் மின்சாரம் போனது.
யூபிஎஸ் கூவ ஆரம்பித்தது.
இன்னும் மூன்று கோப்பு பாக்கி.
அவளுடைய இணைப்புகளை நான் திறக்கவில்லை.
மைக்கை இயக்கிச் சொன்னேன்:
"அடுத்த நிலையில் தொடர்ந்து செயல்பட்டதற்கு
இன்னும் சான்று வேண்டும்."

எல்லோரும் தலையசைத்தார்கள்.
நல்ல வாக்கியம்.
என்னுடையது இல்லை.
இரண்டு வருடம் முன்பு என் கோப்பின் அடியில் வந்தது,
அன்று ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது,
அடிபிடித்த வாசனை மூன்று நாள் போகவில்லை.
எங்கே மடித்து வைத்திருந்தேனோ,
ஒரு சுருக்கமும் விழாமல்
வாயில் வந்து நின்றது.

மறுநாள் முடிவைச் சொல்ல நானே அழைத்தேன்.
அவள் பக்கம் லாரிகளின் ஹாரன்.
என் பக்கம் மீன்காரரின் ஹாரன்.
"வேறென்ன செய்திருக்கணும் மேடம்?"
கோபமில்லை. நிஜமாகத்தான் கேட்டாள்,
குறித்துக்கொள்ளப் பேனா எடுக்கும் சத்தம் கேட்டது.
ஸ்கோப் என்றேன். தெரிதல் என்றேன்.
"தெரிதல்னா?"
"நீ செஞ்சது தெரியணும்."
"அலாரம் அடிக்காததா?"
இணைப்பு சரியில்லை என்று சொல்லி வைத்தேன்.
இணைப்பு நன்றாகத்தான் இருந்தது.

இரவு பதினொன்று நாற்பதுக்கு
அவளிடமிருந்து ஒரு நிரல் மாற்றம், பார்வைக்கு.
இருநூற்றுப் பன்னிரண்டு வரி அழிப்பு.
சேர்த்தது நான்கு.
ஒவ்வொரு வரியாகப் படித்தேன்,
அழித்தவற்றையும்.
ஏன் தேவையில்லை என்று
ஒவ்வொன்றின் அருகிலும் சின்னதாக எழுதியிருந்தாள்.
ஓரிடத்தில் எழுத்துப்பிழை. விட்டுவிட்டேன்.

ஒப்புதல் பொத்தானுக்கு மேலே
கருத்துப் பெட்டி காலியாக மின்னியது.
அவள் பெயரை மட்டும் தட்டினேன்.
உருபு எதுவும் ஒட்டவில்லை.
எழுவாயா விளியா,
எனக்கே தெரியாது.
பெயருக்குப் பிறகு
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.